திரும்பி வந்தோம், திருப்பிக் கொடுத்தோமா?

காலபோக அருவி வெட்டு முடிந்து, சூடடித்து, நெல் மூடைகள் வீடு வந்து சேர்ந்ததும் எமது வன்னிக் கிராமங்களில் கூட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. தவக்காலத் தியானம் என்பர் சிலர். எழுப்புதல் கூட்டம் என்பர் சிலர். உபவாச ஜெபம், முழுஇரவு ஜெபம் என்பர் வேறு சிலர். பெயர் எதுவாயினும் நோக்கம் ஒன்றே. மக்கள் மனந்திரும்ப வேண்டும், திருச்சபை உயிர்பெற வேண்டும் என்பதே அது. 2009க்குப் பின் மீள்குடியேறிய பல கிராமங்களில் ஆலயத்துக்குக் கூரை ஏறுமுன்னரே, தறப்பாள் கொட்டிலுக்குள் இக்கூட்டங்கள் நடந்தன. அவை நடக்க வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பட்ட இழப்பைச் சொல்லி வாய்விட்டு அழுவதற்கு எமது மக்கள் பலருக்கு வேறு இடம் இருக்கவில்லை.

ஆனால், கூட்டம் முடிந்த மறுநாட் காலையில் என்ன நடக்கிறது? இரவெல்லாம் கண்ணீர் விட்டவர் விடிந்ததும் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறார். வரம்பு நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. அயல்வயற்காரருடைய ஒரு முழ நிலம் இன்னும் இவருடைய வரம்புக்குள்ளேயே கிடக்கிறது. வாய்க்கால் தண்ணீர் முறை தவறித் தலைப்பு வயலுக்கே பாய்கிறது. வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலில் பயிர் வாடுகிறது. புல்லுப் பிடுங்க வந்த பெண்ணுக்கு ஆணுக்குக் கொடுக்கும் கூலியிலும் குறைத்தே கொடுக்கப்படுகிறது. அப்படியாயின் இரவு திரும்பியது எது? எமது முகம் மட்டுந்தானா?

இக்கேள்வியை மற்றவர்களிடம் கேட்குமுன் என்னிடமே கேட்கவேண்டியிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களில் எமது குடும்பமும் ஒன்று. தென்மராட்சியில் சில மாதம் தங்கி, கிளாலிக் கடலேரியைக் கடந்து கிளிநொச்சிக்கு வந்தோம். ஆலயமும் பாடசாலையும் நிரம்பி வழிந்தன. எமக்குத் தம் வளவில் மாமரத்தடியைத் தந்தது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். அவர்களிடம் இருந்தது அரை ஏக்கர் மேட்டுக்காணியும் ஒரு கிணறும். அந்தக் காணிக்கும் கையில் எந்தப் பத்திரமும் இல்லை. நாலு மாதம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம். ஆனால் அவர்களுடைய வாளியால் அள்ளாமல் எமது வாளியையே கட்டி அள்ளினோம். அவர்கள் கொண்டுவந்து தந்த சோற்றை வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் போன பின் என்ன செய்தோம் என்பதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனோம். 'கர்த்தாவே, எம்மை எமது மண்ணுக்குத் திரும்பப் பண்ணும்' என்று அழுதோம். 1996 ஜூலையில் இராணுவம் கிளிநொச்சியை நோக்கி வந்தபோது அவர்கள் ஒரு திசையில் போனார்கள், நாங்கள் வேறு திசையில் போனோம். பிறகு அவர்களைக் காணவில்லை. மன்னிப்புக் கேட்க ஆளில்லாமற் போன அந்தக் கடன் இன்றும் என்மீது இருக்கிறது. மனந்திரும்புதல் பற்றி எழுத எனக்கு உரிமை தருவது என் நேர்மையல்ல, அந்தக் கடனே.

தண்டனை என்று சொல்லாதீர்கள்

முதலில் ஒரு பிழையான போதனையை அகற்றிவிட வேண்டும். 'நீங்கள் செய்த பாவத்தினாலேதான் முள்ளிவாய்க்கால் வந்தது. மனந்திரும்பாததால் கடவுள் உங்களை அடித்தார்' என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பதுங்கு குழிக்குள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று இப்படிச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இதே கேள்வி இயேசுவின் முன் வருகிறது. பலி செலுத்தப் போன கலிலேயரைப் பிலாத்து கொன்றான் என்ற செய்தியைச் சிலர் கொண்டு வருகிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் இறந்ததை இயேசுவே எடுத்துச் சொல்கிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொல்கிறார். ஆனால் அத்தோடு நிறுத்தாமல், கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் மனந்திரும்பச் சொல்கிறார்.

இவ்விரண்டையும் நாம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இறந்தவர்கள்மேற் பழி போடக்கூடாது. கொன்றவர்களின் பொறுப்பையும் மூடி மறைக்கக்கூடாது. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, அரசாங்கத்தின் சொந்தக் கணக்குகளைக் காட்டி, வன்னியில் இருந்த 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கம் கேட்டார். 2021 ஏப்ரல் 1இல் அவர் இறக்கும்வரை அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் ஏறக்குறைய ஓராண்டு போராடியும் பதில் கிடையாமல், 2018 ஏப்ரல் 23இல் தாமே படகேறித் தமது தீவுக்குப் போனார்கள். கேப்பாப்பிலவு மக்கள் இராணுவ முகாம் வாசலில் இரவு பகலாய் இருந்தார்கள். இவையெல்லாம் நீதியான கேள்விகள். அரசு மனந்திரும்ப வேண்டும், பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நாம் தொடர்ந்து கேட்போம்.

ஆயினும் பிறரிடம் கேட்கும் நியாயத்தை எமது வீட்டு வாசலிலும் நாம் கேட்கத்தானே வேண்டும்? எமது காணியை ஒருவர் வைத்திருந்தால் அது அநியாயம். மற்றவருடைய காணியை நாம் வைத்திருந்தால் அதற்கு மட்டும் வேறு பெயர் இருக்க முடியாது.

ஆகாபும் சகேயுவும்

வேதத்தில் மனந்திரும்பிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஆகாப் ராஜா. நாபோத்தின் திராட்சத்தோட்டம் அரண்மனைக்கு அருகில் இருந்தது. கீரைத்தோட்டம் போட அதைக் கேட்டான். பிதாக்களின் காணியைத் தரமாட்டேன் என்றான் நாபோத். யேசபேல் பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொல்வித்தாள். ஆகாப் தோட்டத்தைப் பொறுப்பெடுக்கப் போனான். அங்கே எலியா வந்து நின்றார். அவருடைய வார்த்தையைக் கேட்டதும் ஆகாப் வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டு உடுத்து, உபவாசம் பண்ணி, தாழ்மையாய் நடந்தான். தேவனும் அதைக் கண்டு, வரவிருந்த தீங்கை அவனுடைய காலத்தில் வராமல் தள்ளிப்போட்டார்.

ஆனால் அந்தத் தோட்டத்துக்கு என்ன நடந்தது? அவன் அதைத் திருப்பிக் கொடுத்தான் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்துக்குப் போனால் விடை தெரிகிறது. ஆகாபின் மகன் யோராமை யெகூ எதிர்கொண்டது நாபோத்தின் நிலத்திலேதான். யோராமின் உடல் எறியப்பட்டதும் அதே நிலத்திலேதான். தகப்பன் இரட்டு உடுத்தினான், உபவாசித்தான், ஆனால் காணியைப் பிள்ளைக்கு விட்டுப்போனான். காணியோடு பழியும் பிள்ளைக்குப் போயிற்று.

மற்றவன் எரிகோவின் சகேயு. வரி வசூலித்துச் சொத்துச் சேர்த்தவன். இயேசு அவனுடைய வீட்டுக்குப் போனார். அவன் எவ்வளவு நேரம் அழுதான், எப்படி ஜெபித்தான் என்று லூக்கா எழுதவில்லை. எழுதியதெல்லாம் கணக்கு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. அந்தக் கணக்கைச் சொன்ன பிறகே, இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார்.

இது சகேயு தானாகக் கண்டுபிடித்த வழியல்ல. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் பாவ அறிக்கையும் திருப்பிக் கொடுத்தலும் ஒரே கட்டளையில் வருகின்றன. செய்த குற்றத்தை அறிக்கையிட வேண்டும். முதலைத் திருப்பிக் கொடுத்து ஐந்திலொரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். யோவான் ஸ்நானகனிடம் போய், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டவர்களுக்கும் அவர் சொன்னது உடுப்பையும் உணவையும் வரியையும் சம்பளத்தையும் பற்றித்தான்.

எமது கூட்டங்களில் ஆகாபின் இரட்டுக்குக் குறைவில்லை. சகேயுவின் கணக்கைத்தான் காணவில்லை.

எழுப்புதல் கண்ட ஒரு நாட்டின் கதை

கணக்கில்லாத எழுப்புதல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆபிரிக்காவின் ருவாண்டா ஒரு சாட்சி. 1930களில் அந்நாட்டின் காஹினி என்ற மிஷன் நிலையத்தில் தொடங்கிய எழுப்புதல் உகண்டா, கென்யா, தன்சானியா வரை பரவியது. தொடக்க காலத்தில் அதன் சிறப்பே பகிரங்கமாகப் பாவத்தை அறிக்கையிட்டு, களவெடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான். காலம் போகப் போகத் திருச்சபை பெருகியது. மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவராயினர். ஆனால் ஊட்டு, டுட்சி என்ற பிரிவினையைத் திருச்சபை தொடவில்லை. பல இடங்களில் அதோடு ஒத்துப்போனது. 1994 ஏப்ரல் முதல் ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் எட்டு இலட்சம்பேர் கொல்லப்பட்டனர். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே வாங்கில் இருந்து பாடியவர்கள். ந்தராமா, நியாமத்தா ஆகிய இடங்களில் அடைக்கலம் தேடி ஆலயத்துக்குள் ஓடியவர்கள் ஆலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டனர். 2017 மார்ச் 20இல் பாப்பரசர் பிரான்சிஸ், ருவாண்டா ஜனாதிபதியிடம் திருச்சபையின் பாவங்களுக்காகக் கடவுளின் மன்னிப்பை வேண்டுவதாகத் தெரிவித்தார்.

எமது நிலை ருவாண்டாவின் நிலையல்ல. ஆனால் அதன் பாடம் எமக்கும் உரியது. பக்கத்து வாங்கில் இருப்பவருடைய உரிமையைத் தொடாத எழுப்புதல், எத்தனை ஆயிரம்பேர் கூடினாலும், வேர்விடாத பயிர்.

எமது கைகளில் இருப்பவை

எனவே எமது கைகளைத் திறந்து பார்ப்போம். மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, முஸ்லிம் அயலவர். 1990 ஒக்டோபரின் கடைசி நாட்களில், வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரும் அவர்களால் வெளியேற்றப்பட்டனர். சுமார் 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், நாச்சிக்குடா என்பவை எமக்குத் தூரத்துப் பெயர்கள் அல்ல. உடுதுணியோடும் சிறிதளவு பணத்தோடும் போன அந்த மக்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். அவர்களைக் கண்ணீரோடு வழியனுப்பிய தமிழரும் இருந்தனர். எதிர்த்துப் பேசப் பயமான காலம் என்பதும் உண்மை. ஆனால் பயம் நீங்கிய பின்னர்? அவர்கள் திரும்பி வந்தபோது காணி பற்றி எழுந்த கசப்பை நாம் அறிவோம். 'இருபது வருடமாக நாங்கள்தானே பார்த்தோம்' என்று சொன்னவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர். ஐந்து வருடங்களின் பின் நாமே ஒரு இரவில் வலிகாமத்தை விட்டு ஓடினோம். வெளியேற்றப்படுதல் என்றால் என்ன என்பது எமக்குத் தெரியும். தெரிந்த பின்னரும் மௌனமாய் இருப்பது பயமல்ல.

பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்குத் தனியார் காணியில் ஆட்சியுரிமை உண்டு என்ற சட்டத்தைச் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். 2016இல் பாராளுமன்றம் இயற்றிய 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர்ச் சூழலால் தன் காணிக்கு வரமுடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிட முடியாது என்று சொன்னது. சட்டம் தரும் சலுகைக்குக் காலவரை உண்டு. அயலவனுடைய எல்லைக்குறியைத் தள்ளிப்போடாதே என்ற வேதக் கட்டளைக்குக் காலவரை இல்லை.

இரண்டாவது, மலையகத்திலிருந்து வந்த உறவுகள். 1820களிலிருந்து தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்த வன்னிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் எத்தனையோபேர் வழியிலேயே விழுந்தார்கள். 1948இல் அவர்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. 1958, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின்போதும் பின்னரும் பல்லாயிரம்பேர் வன்னிக்கு வந்தார்கள். காட்டை வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், யானைக்கும் மலேரியாவுக்கும் முகங்கொடுத்தார்கள். தர்மபுரம், பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் என்று ஊர்கள் எழுந்தன. போரிலும் அவர்கள் எம்மோடு ஓடினார்கள், எம்மோடு இறந்தார்கள்.

ஆனால் இரணைமடு வாய்க்கால் பாயும் வயற்காணிகள் பெரும்பாலும் அதற்கு முன்னரே பங்கிடப்பட்டுவிட்டன. அந்த வயல்களில் நாற்றும் புல்லும் பிடுங்கும் கைகள் அவர்களுடையவை. அனுமதிப்பத்திரத்தில் பெயர் வேறொருவருடையது. சிறுபோகத்தில் குளத்துநீருக்கேற்ப ஏக்கர் பங்கிடப்படும்போது, பங்கு கேட்கக் கமக்காரர் அமைப்பில் அவர்களுக்கு இருக்கை இல்லை. தோட்டக்காட்டான் என்ற சொல் ஆலய முற்றத்திலும் கேட்கிறது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கிவிட்டுக் கல்யாணப் பந்தியில் வேறு பார்வை பார்க்கிறோம். இது எமது சாதிப் பாவத்தின் வன்னி முகம். எமது ஆலயங்களில் எத்தனை எழுப்புதல் கூட்டங்களில் இது பாவமென்று பெயர் சொல்லி அறிக்கையிடப்பட்டது?

மூன்றாவது, ஆண்துணை இழந்த பெண்களின் காணி. கணவன் இறந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்ட வீடுகள் எமது ஒவ்வொரு பங்கிலும் உண்டு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாததால் பத்திரம் மாற்ற முடியாமல் இருப்போர் உண்டு. அந்த இடைவெளியில் மைத்துனரோ அயலவரோ 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வயலை எடுத்து, வருடத்துக்கு இரண்டு மூடை நெல்லைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நன்றியையும் எதிர்பார்க்கிறார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் வாரிசு உரிமையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்தது. 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. மகளுக்கும் உரிமை உண்டு. சட்டம் திருந்திவிட்டது. எமது குடும்பங்கள் திருந்தியிருக்கின்றனவா? விதவையின் வயலை விழுங்கிக்கொண்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு சொன்னது யாருக்காக?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். 'நாங்களே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள்; எங்களிடமா திருப்பிக் கேட்கிறீர்கள்?' என்பீர்கள். காணியே இல்லாமல், பற்றை வெட்டி ஒரு கொட்டிலைப் போட்டுப் பிழைக்கும் ஏழையை எழுப்பி வீதியில் விடுவதை நான் கேட்கவில்லை. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் காணி கர்த்தருடையது என்கிறது. எந்தக் குடும்பமும் என்றென்றைக்கும் நிலமற்றுப் போகாதபடி ஐம்பதாம் ஆண்டில் திரும்பக் கொடுக்கச் சொல்கிறது. அதன் நோக்கம் அதுதான். ஆகவே கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. துரத்தப்பட்டவருடைய காணியை வைத்திருப்பவர் அதைக் கொடுக்கவேண்டும். வேறிடத்திலோ வெளிநாட்டிலோ வசதியாய் இருந்துகொண்டு, முப்பது வருடம் மற்றவர் வியர்வை சிந்திய காணிக்குப் பத்திரத்தைக் காட்டி எழும்பு என்று சொல்பவர், அவருக்கு ஒரு பங்கையாவது எழுதிக் கொடுக்கவேண்டும். ஒன்றுமில்லாதவருக்கோ, அவர் திருப்பிக் கொடுக்கவேண்டியது ஒரு கடுஞ்சொல்லாக இருக்கலாம்; அயலவரின் தண்ணீர் முறையாக இருக்கலாம். எதுவும் இல்லாதவர் எவருமில்லை.

அன்றைக்கே கொடுத்தார்கள்

எமது நிலைக்கு மிகக் கிட்டிய வேதப்பகுதி நெகேமியா 5ஆம் அதிகாரம். அவர்களும் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்கள். இடிந்த அலங்கத்தை எல்லோரும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஏழைகளின் கூக்குரல் எழுந்தது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலை ஈடு வைத்தோம். ராஜாவின் தீர்வைக்குக் கடன்பட்டோம். எங்கள் பிள்ளைகள் அடிமைகளாய்ப் போகிறார்கள். வாங்கியவர்கள் எங்கள் சொந்தச் சகோதரரே என்றார்கள். நுண்கடனுக்கு நகையையும் வயலையும் விட்டு நிற்கும் எமது தாய்மார் இதை வாசித்தால் தங்கள் கதை என்பார்கள்.

நெகேமியா அலங்க வேலை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லவில்லை. பெரிய சபையைக் கூட்டினார். பிரபுக்களை முகத்துக்கு நேரே கண்டித்தார். தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் பணமும் தானியமும் கடன் கொடுத்தவர்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். கொடுப்போம் என்றார்கள். ஆசாரியரை அழைத்து ஆணையிடுவித்தார். அப்பொழுதே சபையார் ஆமென் என்றார்கள். அந்த ஆமென் ஒரு காணியுறுதிக்குச் சமம்.

எமது சபையும் பங்கும் இதைச் செய்ய முடியும். சிறியதாய்த் தொடங்கலாம். முதலில் திருச்சபை தன் காணிக் கொப்பியைத் திறக்கட்டும். மிஷன் காலத்திலிருந்து வந்த காணிகளில் பற்றை மண்டிக் கிடப்பவை எவை, அவற்றில் நிலமற்ற குடும்பங்களை இருத்த முடியுமா என்று போதகரும் சபையாரும் வெளிப்படையாய்ப் பேசட்டும். மேய்ப்பர் முன்னே போனால்தான் மந்தை பின்னே வரும். மக்களை விட்டுப் போகாமல் நின்ற மேய்ப்பர்களை இந்த மண் கண்டிருக்கிறது. 2008 ஏப்ரல் 20இல் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்ட கருணாரட்ணம் அடிகளாரையும், 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு சென்று இன்றுவரை திரும்பாத பிரான்சிஸ் யோசேப்பு அடிகளாரையும் நாம் மறக்கவில்லை. உயிரைக் கொடுத்தவர்களின் திருச்சபை, காணியைக் கொடுக்கத் தயங்கலாமா?

அடுத்து, ஒவ்வொரு சபையிலும் எல்லோரும் நம்பும் இரண்டு மூன்று மூத்தோரைத் தெரிந்தெடுங்கள். அவர்களுள் ஒரு பெண்ணும், மலையகத்திலிருந்து வந்த ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். வரம்பு, வாய்க்கால், குத்தகை, கூலி பற்றிய மனக்குறைகளை அவர்களிடம் சொல்லலாம். அவர்கள் இரு பகுதியாரோடும் வயலுக்கே போய்ப் பார்க்கட்டும். இணக்கம் கண்டால் அதை எழுத்தில் வைத்து, கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முறைப்படி பதியுங்கள். வாய்வார்த்தையாய் விட்டால் அடுத்த தலைமுறையில் மீண்டும் சண்டை வரும்.

மூன்றாவதாக, பாவ அறிக்கை ஜெபத்தில் பொதுவாக 'பாவிகளாகிய நாங்கள்' என்று சொல்வதோடு நில்லாமல், 1990இல் அயலவரைப் பறிகொடுத்ததை, சாதி பார்த்ததை, கூலி குறைத்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுவோம். பெயர் சொல்லாத பாவம் போகாது.

நாலாவதாக, காணிக்கைக்கு முன் ஒப்புரவு. பீடத்தில் காணிக்கையை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர். புது நெல்லைக் கடகத்தில் சுமந்து அறுப்பின் பண்டிகைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் படலையைத் தாண்டுமுன் ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: இந்த நெல் விளைந்த நிலத்தில், பாய்ந்த தண்ணீரில், வெட்டிய கையில் யாருக்காவது நாம் கடனா?

அன்பானவர்களே, நாம் பலமுறை இடம்பெயர்ந்தோம். பலமுறை திரும்பி வந்தோம். சிலர் இன்னும் திரும்பவில்லை. திரும்பி வருதல் என்பது எத்தனை பெரிய காரியம் என்று எம்மைவிட யாருக்குத் தெரியும்? வளவில் கால்வைத்தபோது எரிந்த தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதோமே. அந்த மகிழ்ச்சியை இன்னொருவருக்குக் கொடுக்க எமது கையில் இடமுண்டு. ஒரு முழ வரம்பைத் தள்ளி வெட்டினால் போதும். ஒரு விதவையிடம் அவளுடைய வயலின் திறப்பைக் கொடுத்தால் போதும். அவர்களுடைய வாளியால் ஒருநாள் தண்ணீர் அள்ளிக் குடித்தால் போதும்.

எழுப்புதல் எங்கிருந்து வரும் என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். அது வரம்போரத்தில் எமக்காகக் காத்திருக்கிறது. அடுத்த காலபோகத்துக்கு நிலத்தைப் புரட்டுமுன் அங்கே போவோம்.